பழைய இரும்பு, 610 கிலோ

'கைவிடப்பட்ட வாகனம்' என்று கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டியபோது நான் வண்டிக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. மடியில் கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகம். ஒட்டியவர் முதலில் பசையைத் தடவினார், காகிதத்தை வைத்துத் தேய்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"சார், உள்ளாற ஆளு கீது," என்றார் பின்னால் திரும்பி.

மாநகராட்சி அதிகாரி குனிந்து பார்த்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது.

"அம்மா, இதுக்குள்ள என்ன பண்றீங்க?"

"படிக்கிறேன்."

"வண்டி யாருது?"

"என் வீட்டுக்காரர்து."

"அவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

"அவர் போய் நாப்பத்தோரு நாள் ஆவுது சார்."

அவர் நிமிர்ந்து நின்றுகொண்டார். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த ஒரு பழைய கார் ஒரு மாதமாக நகராமல் நிற்கிறது என்று தெருவில் யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். பதினைந்து நாளைக்குள் ஆர்.சி. புக்கைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதன் பிறகு ஏலம், அதன் பிறகு உடைப்பு. இதையெல்லாம் மரியாதையாகவே சொன்னார்.

"ஒட்டினது இருக்கட்டும்மா. புக்கைக் கொண்டு வந்தீங்கன்னா நானே வந்து கிழிச்சிடறேன்."

அவர்கள் போன பிறகு காகிதத்தின் முதுகில் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன. விட்ட பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில் ஒரு மாடிப் போர்ஷன். ஓர் அறை, ஒரு சமையலறை. மகள் மகிழினி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அறை அவளுக்கும் தொலைக்காட்சிக்கும் போக மிஞ்சாது. அப்போதுதான் கீழே நிற்கும் வண்டியில் போய் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். அவள் திருமணமாகி அம்பத்தூர் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எனக்கு அந்த வண்டி அதற்காகத்தான் வேண்டியிருந்தது. அவருடைய நினைவாக வைத்திருக்க விரும்பினேன் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது.

என் கணவர் துரை முப்பது வருஷம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டினார். நான் இதே பகுதியில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் வேலை பார்க்கிறேன். உள்ளே வரும் ஒவ்வொரு கன்டெய்னரின் எண்ணையும் நான் உரக்க வாசிப்பேன். அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் 'சரி' என்பார். ஓர் இலக்கம் பிசகினாலும் வண்டி ஓரம் கட்டப்படும். இருபத்தாறு வருஷமாக இதுதான் வேலை.

வாரம் முழுக்க நாற்பதடி நீளத்தை இழுத்துக்கொண்டு திரிந்தவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கதவுள்ள ஒரு சின்னக் காரை எடுப்பார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஒரு காலத்தில் மெட்ராஸிலேயே செய்த கார். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அதன் முன்சக்கரங்கள் மற்ற கார்களைவிட அதிகமாக மடங்கும். குறுகலான சந்திலும் ஒரே வீச்சில் திரும்பிவிடும். யாரும் இல்லாத சாலையில் அவர் இரண்டு முறை, மூன்று முறை வட்டமடித்துக் காட்டுவார்.

"நாப்பது அடிய இஸ்துகினு திரும்பறவனுக்குத்தான் ரமா இது இன்னான்னு தெரியும்," என்பார்.

"எனக்குத் தலை சுத்துது."

"கண்ண மூடிகினு படி."

அவரைப் போல ஹெரால்டு வைத்திருந்தவர்கள் வடசென்னையில் இன்னும் மூன்று பேர். ராயபுரத்தில் மெக்கானிக் மொஹ்சின் பாய், அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் அறிவு, மீன் ஏலம் எடுக்கும் ரஷீது. ஞாயிறு காலை நான்கு வண்டிகளும் எண்ணூர் கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும். நான்கு பேரும் ஒரே கார்புரேட்டரைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார்கள். போன வாரம் பேசியதும் அதுவேதான். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வண்டி எண்தான். "நாலு ஒண்ணு ஏழு மூணு இன்னும் வரலியா?" என்றால் என் கணவர் இன்னும் வரவில்லை என்று பொருள்.

வண்டிக்கு அவர் அடித்திருந்தது கன்டெய்னருக்கு அடிக்கும் அரக்குச் சிவப்பு. "உப்புக் காத்துக்கு இதான் மருந்து" என்றார். தூரத்திலிருந்து பார்த்தால் கப்பலில் ஏற்ற மறந்துபோன ஏதோ ஒன்று போல இருக்கும்.

அவர் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசையில் இறந்தார். காலை பதினொரு மணி. வரிசை நகர்ந்தது, அவருடைய வண்டி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஆரன் அடித்தார்கள். கடைசியில் ஒருவர் இறங்கி வந்து திட்டுவதற்காகக் கதவைத் திறந்தார். பின்னால் ஏற்றியிருந்த கன்டெய்னரின் எண் எனக்குத் தெரியும். அதை எழுத வேண்டாம்.

நோட்டீஸ் ஒட்டிய அன்று மாலையிலிருந்து ஆர்.சி. புக்கைத் தேடினேன். பீரோவில் இல்லை, டிரங்குப் பெட்டியில் இல்லை, பரணில் இல்லை. எப்போது கேட்டாலும் "மொஹ்சின் கிட்ட கீது" என்றுதான் அவர் சொல்லியிருந்தார். ராயபுரம் போனேன். மொஹ்சின் பாய் கையைத் துடைத்துக்கொண்டே ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"புக்கா? அது துரை கிட்டதான அண்ணி கீது."

"அவர் உங்ககிட்ட இருக்குன்னாரு."

துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"எங்க ரெண்டு பேருக்குள்ள இன்னா பேச்சுன்னா அண்ணி... உன்ன கேட்டா என் கிட்ட கீதுன்னு சொல்லு, என்ன கேட்டா உன் கிட்ட கீதுன்னு சொல்றேன். யாரு நேரா வந்து ரெண்டு பேரையும் கேக்கப் போறாங்கன்னு நெனச்சோம்."

"அப்ப புக்கு?"

"புக்கே கெடையாது."

உள்ளே போய் ஒரு கால்குலேட்டர் உறையை எடுத்து வந்தார். அதற்குள் மடித்த ஒரு சீட்டு. இரண்டாயிரத்து இரண்டு ஆகஸ்ட் பதினான்கு. சாத்தாங்காடு இரும்புச் சந்தையின் எடைமேடைச் சீட்டு. சரக்கு: பழைய இரும்பு. எடை: 610 கிலோ.

லோடு ஏற்றப் போன இடத்தில், இரும்புச் சுருள்களுக்கு நடுவே கார் கிடந்ததைத் துரை பார்த்திருக்கிறார். வெட்டுவதற்கு கேஸ் கட்டர் பற்றவைத்தாகிவிட்டது. நம்பர் பிளேட்டுகூட இன்னும் அதில் இருந்தது. கையை நீட்டி மறித்து, இரும்பு விலைக்கே வாங்கி, அன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்து மொஹ்சின் பாயின் ஷெட்டில் போட்டிருக்கிறார்.

"இத்தினி வருஷமா புக்கு இல்லாமயா ஓட்டினீங்க?"

"ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு யாரு அண்ணி புடிப்பா? பாக்கறவன்லாம் செல்ஃபிதான எடுத்துக்கறான்."

சீட்டைக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"அம்மா, இதுல வண்டின்னே இல்லையே. இரும்புன்னு போட்டிருக்கு. இரும்பை ரோட்ல நிறுத்த முடியாதும்மா. வேணும்னா வீட்டுக்குள்ள எடுத்து வச்சிக்குங்க."

கேலியாகச் சொல்லவில்லை. மாடிப் போர்ஷன் என்று நானும் சொல்லவில்லை.

மகிழினி தொலைபேசியில், "வுட்டுடும்மா, அவங்களே எடுத்துகினு போவட்டும். நீ படிக்கறதுக்கு நான் நல்லதா ஒரு சேர் வாங்கித் தரேன்," என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த வண்டியைத் தள்ளித் தள்ளி வளர்ந்தவள்.

போஸ்டரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் படத்திறப்பு வைத்தோம். அதற்கு நண்பர்கள் மூவரும் போஸ்டர் அடித்துத் திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்க ஒட்டியிருந்தார்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. அதன் கீழே போஸ்டரின் பாதி அகலத்துக்கு 'எம்.எஸ்.எக்ஸ். 4173'. அதன் கீழே, 'இனி எங்கள் வரிசையில் இல்லை'. இவண், ஞாயிறு நண்பர்கள். மூலையில் அறிவின் கைப்பேசி எண். ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். முன்டயரின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். அப்படி உட்கார்ந்து அவர் எஞ்சினுக்குள் குனிந்திருக்கும் படம். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அறிவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பேரு எங்க?"

"இன்னா பேரு அண்ணி?"

"உங்க அண்ணன் பேரு."

போஸ்டரை மேலிருந்து கீழே பார்த்தான். மறுபடி கீழிருந்து மேலே பார்த்தான்.

"அய்யய்யோ. மூணு பேரும் ப்ரூஃப் பாத்தோம் அண்ணி. நம்பர் கரெக்ட்டா கீதான்னுதான் பாத்தோம்."

"மூஞ்சி தெரியற மாதிரியாவது ஒரு படம் கிடைக்கலியா?"

"வண்டி இல்லாத போட்டோல அண்ணன் சிரிக்கவே இல்ல அண்ணி."

"இதுலயும் முதுகுதான இருக்கு."

"முதுகு சிரிச்சிகினுதான் கீது, நல்லா பாருங்க."

நல்லாப் பார்த்தேன். மறுக்க முடியவில்லை.

நோட்டீஸ் ஒட்டி ஏழாம் நாள் அறிவுக்கு ஒரு பெண்மணி போன் செய்திருக்கிறார். பேருந்தில் போகும்போது போஸ்டரில் இருந்த வண்டி எண்ணைப் பார்த்தவர். "எங்க அப்பா செத்து இருபத்திரெண்டு வருஷம் ஆவுது. இப்ப வந்து அவருக்கு யாரு போஸ்டர் ஒட்டினது?" என்று கேட்டிருக்கிறார். அறிவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் போனைக் கையில் பிடித்தபடியே என் வீட்டுக்கு ஓடி வந்தான்.

மறுநாள் மாலை அவர் வந்தார். பெயர் ஃப்ளோரன்ஸ். ராயபுரம், அறுபத்தைந்து வயது, டெலிபோன்ஸில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார், கிட்டப் போகவில்லை.

"எங்களுது வெள்ளை," என்றார்.

"இவர் பெயிண்ட் மாத்திட்டாரு அக்கா."

"எந்தக் கலர் அடிச்சா என்ன, அதே சனியன்தான்."

நான் சிரித்துவிட்டேன். நாற்பத்தொன்பது நாளில் அதுதான் முதல் முறை என்று பிறகு கணக்கு வந்தது.

மாடியில் டீ குடித்துக்கொண்டே சொன்னார். அவருடைய அப்பா சூசைநாதன் துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின் டிரைவர். வீட்டில் எல்லோரும் மழையில் நனைந்தாலும் வண்டி நனையக் கூடாது. அம்மா குடை பிடிக்க, அவர் வண்டிக்குத் தார்ப்பாய் கட்டுவாராம். பூசைக்குப் போகும்போது பிள்ளைகள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். கிளம்பியதும் ஓடி ஏறிக்கொள்ள வேண்டும். "எங்கள ஏத்திக்காமயே கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துருக்காரு, ரெண்டு மூணு தடவ."

கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது ஆர்.சி. புக்கையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கூடவே எடுத்துப் போனார். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். புக்கு இல்லாமல் வண்டியை விற்க முடியாது என்று நினைத்தார். ஃப்ளோரன்ஸ் அக்காவின் தம்பி பெலிக்ஸ் வண்டியாக விற்கவில்லை. இரும்பாகப் போட்டுவிட்டான். ஆஸ்பத்திரிச் செலவு என்றான், இடம் அடைக்கிறது என்றான், இரண்டும் உண்மைதான்.

"அப்பா தினம் கேப்பாரு, வண்டி எப்படி இருக்குன்னு. ஒர்க்‌ஷாப்புல விட்டிருக்கேன்னு இவன் சொன்னான். சாவற அன்னிக்கும் அதத்தான் கேட்டாரு, ஒர்க்‌ஷாப்புலேர்ந்து வந்துடுச்சாடான்னு."

கைப்பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் கவரை எடுத்து வைத்தார். உள்ளே ஆர்.சி. புக்கு. உறை மட்டும் பழுப்பேறியிருந்தது.

"இது உனக்கு உதவுமா பாரு. எனக்கு அந்த வண்டி வேணாம். இதையும் தூக்கிப் போட மனசு வரல, அவ்வளவுதான்."

வண்டி அதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் அதைத்தான் கேட்பார்கள். மொஹ்சின் பாய் இடத்தைக் காட்டினார். நானே குனிந்து தேய்த்தேன். அரக்குப் பெயிண்ட் இரண்டு கோட்டாகப் படிந்திருந்ததால் கடைசி இலக்கம் எழும்பவில்லை.

வெளிச்சத்துக்கு வந்து வாசித்தேன். கேட்டில் வாசிக்கிற அதே குரல்தான் வந்தது. ஃப்ளோரன்ஸ் அக்கா புக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கத்தையும் திருப்பிச் சொன்னார். ஆபரேட்டர் வேலையில் அப்படித்தானாம்.

"எட்டு."

"எட்டு, சரி."

"பூஜ்யம்."

"பூஜ்யம், சரி."

"கடைசி ஒண்ணா ஏழான்னு தெரியல அக்கா."

"நான் சொல்ல மாட்டேன். நீ பாத்துச் சொல்லு."

மொஹ்சின் பாய் காசால் சுரண்டினார். சிவப்புக்குக் கீழே வெள்ளை வந்தது. வெள்ளைக்குக் கீழே இரும்பு.

"ஏழு."

"ஏழு. சரி," என்று சொல்லி புக்கை மூடினார்.

ஆனால் புக்கு சூசைநாதனின் பெயரில் இருக்கிறது. என் பெயருக்கு மாற்ற அவருடைய வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் படிவம் எழுதித் தருபவர். வாரிசுகள் இரண்டு பேர். ஃப்ளோரன்ஸ் அக்கா அங்கேயே, அவருடைய மேசை மேலேயே, கையெழுத்துப் போட்டார். மாதவரத்தில் இருக்கும் தம்பிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"அந்த வண்டி இருக்குடா. இங்க திருவொற்றியூர்ல."



"இருக்க முடியாது. நான் குடுத்ததே வெட்டறதுக்குத்தான்."

"வெட்டல. ஒரு கையெழுத்து வேணும்."

"என்னால முடியாது."

"ஏன்?"

"அந்த வண்டிப் பேச்ச எங்கிட்ட எடுக்காதன்னு எத்தன தடவ சொல்றது?"

போன் வைக்கப்பட்டது. அவன் கெட்டவன் இல்லை என்று ஃப்ளோரன்ஸ் அக்கா சொன்னார். அப்பா போனதிலிருந்து அவன் சொந்தமாக ஒரு வண்டியும் வாங்கவில்லை, ஷேர் ஆட்டோவில்தான் போகிறான் என்றும் சொன்னார்.

நோட்டீஸில் இன்னும் ஐந்து நாள் இருந்தது. அன்று மாலை வண்டிக்குள் உட்கார்ந்தேன், படிக்க ஓடவில்லை. புத்தகத்தில் அடையாளத்துக்கு எடைச்சீட்டைத்தான் வைத்திருந்தேன். வேலைப் பழக்கத்தில் அதிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். தேதிக்கு வந்தபோது நிறுத்திவிட்டு, ஃப்ளோரன்ஸ் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அப்பா எந்தத் தேதில இறந்தாரு?"

"செப்டம்பர் ஒம்பது. ஏன்?"

"அதே வருஷமா? ரெண்டாயிரத்து ரெண்டு?"

"ஆமா."

சீட்டு ஆகஸ்ட் பதினான்கு.

"உங்க தம்பிய ஞாயித்துக்கிழமை ஒரு தடவ வரச் சொல்லுங்க. கையெழுத்து வேணாம். ஒரு சீட்ட மட்டும் பாத்துட்டுப் போகட்டும்."

பெலிக்ஸ் வந்தார். தலை முழுக்க நரைத்த, மெலிந்த மனிதர். மொஹ்சின் பாயும் அறிவும் புதுப் பேட்டரி போட்டுச் சாம்பலைக் கழுவி வைத்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் அவர் தன்னையறியாமல் பின்பக்கமாகப் போய் நின்றார்.

"தள்ளணுமா?" என்று கேட்டார்.

"வேணாம்டா, பேட்டரி இருக்கு," என்றார் அக்கா.

சீட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தேதியில் விரலை வைத்தார்.

"பதிமூணாந்தேதிதான் போட்டேன்," என்றார். "அப்புறம் இது எங்க போச்சு?"

மொஹ்சின் பாய்தான் பதில் சொன்னார். "மறுநாளே நம்ப ஷெட்டுக்கு வந்துடுச்சி சார். ராயபுரத்துலதான். கல்மண்டபத்தாண்ட."

"கல்மண்டபமா?"

"ஆமா சார். எதிர்ல பழைய மரக்கடை."

அந்த மரக்கடை பெலிக்ஸுக்குத் தெரிந்திருந்தது. அப்பா படுத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து டீ வாங்கப் போகும் வழி என்றார். சீட்டைப் பார்த்தபடியே நின்றார்.

"செப்டம்பர்ல அங்கதான் இருந்துச்சா?"

"அங்கதான் சார். ரெண்டு வருஷம் என் ஒர்க்‌ஷாப்புலயேதான் கெடந்துச்சி."

"என்ன ரிப்பேர்?"

மொஹ்சின் பாய் என்னைப் பார்த்தார்.  அவர் விரல் விட்டுச் சொல்லத் தொடங்கினார். தரைத் தகடு துரு தின்று ஓட்டையாகக் கிடந்தது. எஞ்சின் ஜாம். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் இரண்டு உடைந்திருந்தன. வாட்டர் பம்ப்பை மூன்று முறை கழற்றி மாட்டினார்கள். பெலிக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். யாரிடமோ போய்ச் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்வதைப் போல, சிலவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு வருஷம்," என்றார் கடைசியில். "நான் அப்பா கிட்ட ஒரே வாரத்துல வந்துடும்னு சொன்னேன்."

"எந்த மெக்கானிக்கும் அப்டிதான் சார் சொல்லுவான்," என்றார் மொஹ்சின் பாய்.

பெலிக்ஸ் பேனா கேட்டார். படிவத்தை பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அழுத்தி எழுதாதீங்க சார், பெயிண்ட்ல பள்ளம் வுழும் என்றான் அறிவு.